இழுத்து வைத்த அடி

கௌரியின் காதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை அவள் பட்ட பயம் உங்களுக்கு விளங்காது.

கௌரி வெள்ளவத்தையில் பிளவுஸ் தைக்கிறவள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஃபிளாட் ஒன்றின் கீழ்த்தட்டில் மூன்று மெஷின் போட்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை, கட்டச் சொன்னவர்களை வாயாலேயே துரத்திவிட்டாள். பின்னறையில் உதவிக்கு இருக்கிற நஸ்லா தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தையல் விட்டுப்போனால் போதும், இவள் முன்னறையில் இருந்தபடியே, "பிள்ளை, ஊசியை மாத்து!" என்று கத்துவாள். கழற்றிப் பார்த்தால் ஊசி மழுங்கித்தான் இருக்கும். ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தில் கோச்சி போகிற இரைச்சலுக்குள்ளும் அந்த ஒரு தையல் அவளுக்குக் கேட்டுவிடும்.

இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு ஒரு மனுசி பாட்டுக் கேட்கலாம், ஊர்வம்பு கேட்கலாம். கௌரி டிரம்ஸ் கேட்டாள். வாசிக்கத் தெரியாது, ஸ்டிக்கைத் தொட்டதும் இல்லை. ஆனால் அடி சிம்பலின் விளிம்பில் பட்டதா நடுக்குமிழில் பட்டதா, ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் தோல் புதிதா பழசா, கிக் டிரம்முக்குள் அடைத்திருப்பது தலையணையா போர்வையா என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கொழும்பில் எந்த பாண்டில் எவர் டிரம்ஸ், எவருக்குக் கால் சுறுக்கு, எவர் பாட்டுக்காரனை முந்தி ஓடுகிறவர் என்று தெரியாமல் வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, உங்கள் பின்னேரம் போயிற்று.

அவள் கணக்கில் எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனை யேசுரட்ணம். ஐம்பத்தொன்பது வயது, ஒல்லி ஆள், கலியாண வீடுகளிலும் கோயில் பெருநாட்களிலும் வாசிக்கிற பாண்ட்காரர். அவருடைய டிரம்ஸ் செட் ஒருகொடவத்தையில் ஒரு கண்டெய்னர் யார்டில், ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களுக்குள் கிடந்து எடுத்தது. பெரிய சிம்பலில் ஒரு வெடிப்பு. அது மேலே ஓடாமல் இருக்க வெடிப்பின் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு வைத்திருந்தார். அதனால் அந்தச் சிம்பலில் ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்புக்காகவே கௌரி இரண்டு பஸ் மாறி வருவாள்.

ஆனால் யேசுரட்ணத்தின் பெருமை முழுக்க அவருடைய இடது கையில்தான். மற்ற டிரம்மர்கள் ஸ்நேரில் பெரிய அடியை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். இவருடைய இடது கை இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில், தோலில் தொட்டும் தொடாமலும், சின்னச் சின்ன அடிகளை ஒளித்து வைக்கும். கொட்டாஞ்சேனை பாண்ட்காரர் அதற்குக் 'கள்ள அடி' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆடுகிறவனுக்கு அது காதில் விழாது. அது இல்லாவிட்டால் அவன் கால் எழும்பாது. இன்னொன்று, இழுப்பு. பெரிய அடியை விழவேண்டிய இடத்தில் விழவிடாமல் ஒரு மயிரிழை பிந்தி வைப்பது. அதைக் கேட்டால் பாட்டே சாய்மனைக் கதிரையில் சாய்ந்த மாதிரி இருக்கும். 'மாஸ்டர் இழுக்கிறார்' என்று பாண்ட்காரர் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களிடம் கிடையாது.

இந்த 'இழுக்கிறார்' என்ற சொல்லை மனதில் வைத்திருங்கள். பிறகு இதுதான் கௌரியின் கழுத்தைப் பிடித்தது.

வாசிக்கும்போது யேசுரட்ணம் சனத்தைப் பார்க்கமாட்டார். ஏதாவது புதிதாகச் செய்து பார்த்தால் மட்டும் தலையைத் தூக்கி, கௌரி இருக்கிற பக்கம் ஒருதரம் பார்ப்பார். அவள் தட்டினால் சரி. அவள் முகத்தைச் சுளித்தால் அடுத்த கலியாண வீட்டில் அது இருக்காது. இருபது வருசமாக அவர்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் இவ்வளவுதான். இதற்கே ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. யேசுரட்ணத்தின் மனைவி மெற்றில்டா அந்தக் கதைகளை நம்பியதில்லை. ஆனால் கௌரியைக் கண்டால் வாய் நிறையச் சிரித்ததும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு ஹோலில் மத்தியானக் கலியாண விருந்து. பெண்ணுக்கும் தோழிமாருக்கும் பிளவுஸ் தைத்தது கௌரி. அதனால் அவளுக்கும் அழைப்பு. அவள் மேடைக்கு வலது பக்கம், யேசுரட்ணத்தின் இடது கை தெரிகிற இடமாகப் பார்த்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். வழக்கம்போல் ஃபோனில் ரெக்கோர்டிங்கைத் தட்டிவிட்டு, கைலேஞ்சியை மடித்து அதன்மேல் ஃபோனை வைத்து, மேடை விளிம்பில், ஹை-ஹாட் என்கிற இரட்டைச் சிம்பலுக்குக் கீழே வைத்தாள். அப்போது மணி பன்னிரண்டு நாலு.

முதல் ஒரு மணித்தியாலம் சொர்க்கம். புரியாணி வந்ததையும் கவனிக்காமல் கௌரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குப் பிறகு பாட்டுக்காரன் ஆகில் மெதுவான காதல் பாட்டு ஒன்றை எடுத்தான். இரண்டாவது சரணத்தில் கௌரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஸ்நேர் அடி பிந்தி விழுந்தது. வழக்கமான மயிரிழை இல்லை; நன்றாகவே பிந்தி. அடுத்ததும் அப்படியே. கள்ள அடிகள் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் கழித்துப்போட்டு, வெறும் அடியை மட்டும், அதுவும் இவ்வளவு இழுத்து!

அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் எப்பேர்ப்பட்ட துணிச்சல் இந்த மனுசனுக்கு! யேசுரட்ணம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கௌரி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். "ஆஹா! இழுக்கிறார் பாருங்கோ! இழுக்கிறார்!" என்று பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

யேசுரட்ணம் ஒரு கணம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து தொடர்ந்து வாசித்தார்.

இரண்டு மணியளவில் பைலா தொடங்கியதும் சனம் எழும்பி ஆடியது. இழுப்பு இன்னும் கூடியது. பைலாவில் ஒருவரும் இழுக்கமாட்டார்கள். இழுத்தால் ஆடுகிறவன் தடக்கி விழுவான். கௌரிக்கு முதன்முதலாக நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. இடது ஸ்டிக் ஸ்நேரின் தோலை விட்டு விளிம்பில் போய் விழுந்தது. பிறகு நழுவித் தரையில் உருண்டது. யேசுரட்ணம் அதை எடுக்கவில்லை. எடுக்க நினைத்ததாகவும் தெரியவில்லை. வலது கையால் மட்டும் வாசித்தார்.

"மாஸ்டர் நல்லாப் போட்டிட்டார் போல!" என்று யாரோ கத்த, ஹோலே சிரித்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும்!" என்றார் ஒரு பெரியவர், தன் பகிடிக்குத் தானே தொடையில் தட்டிக்கொண்டு.

கௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. யேசுரட்ணம் குடிக்கிற ஆள் இல்லை. அவள் மேடைப்படியில் ஓடி ஏறினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தின் ஒரு பாதி அவளைப் பார்த்தது. மற்றப் பாதி யாரோ வேறு ஆளுடையது மாதிரித் தொங்கியது. அவர் அப்படியே ஸ்டூலில் இருந்து அவள் பக்கம் சரிந்தார். சரிந்த வேகத்தில் தோள் இடித்துப் பெரிய சிம்பல் விழுந்து, அந்தக் கரகரப்போடு தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

"ஐயோ, வாய் இழுக்குது!" என்று பின்னால் ஒரு பெண் அலறினாள். "ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்திட்டுது!"

அந்தச் சொல்லைக் கௌரி வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இழுத்திட்டுது.

பாண்ட் வானில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், பின் சீற்றில் அவரைக் கிடத்தினார்கள். ஆகில் வானை ஓட்டினான். போகிற வழியில், ஃபோனில் செய்தி கேட்டு வீட்டு வாசலில் நின்ற மெற்றில்டா, வீட்டில் உடுத்திருந்த கவுணோடு அப்படியே ஏறினாள். சனிக்கிழமைச் சன நெரிசல். ஆகில் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. மெற்றில்டா மடியில் அவர் தலையை வைத்து, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யேசுரட்ணம் கௌரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "கௌ..." என்று வந்தது, மிச்சம் எச்சிலாக வழிந்தது. திரும்பவும் முயன்றார். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் கௌரி வெளியே ரோட்டைப் பார்த்தாள். 'எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்' என்று அந்தக் கண் சொல்வதாக அவளுக்குப் பட்டது. அவள் உள்ளங்கை இரண்டும் எரிந்தன. தட்டின கை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடியும்போது மூன்றேகால். வாசலில் நின்ற அட்டெண்டன்ட் கையை விரித்துத் தடுத்து, சிங்களத்தில் "எத்துலட்ட யன்ன பே," என்றான். உள்ளே விடமாட்டானாம். கொஞ்ச நேரத்தில் ஸ்கார்ஃப் கட்டிய இளம் டொக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். பெயர்ப்பட்டியில் றுஷ்னா என்று இருந்தது. 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றும் 'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்றும் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அவள் தமிழ் கதைத்ததைக் கேட்டு மெற்றில்டா அவளுடைய கையையே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பதறாம கேளுங்க," என்றாள் டொக்டர். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்டு அடைச்சு ஈக்கி. அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி எங்களிட்ட ஈக்கி. ஆனா தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும். அதுக்குப் பொறகு போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். ஆளே போயிரலாம். அதனால உண்மையைச் செல்லுங்க. இது எத்தனை மணிக்குத் தொடங்கின?"

"ரெண்டு பத்துக்குத்தான் விழுந்தவர்," என்றான் ஆகில்.

"விழுந்தது சரி. அதுக்கு முந்தி கை கால் நல்லா இருந்ததா?"

மெற்றில்டா பொய் சொல்லத் தெரியாத மனுசி. "விடிய அஞ்சரைக்கு எழும்பேக்க இடக்கை விறைச்சுக் கிடக்கெண்டு சொன்னவர், டொக்டர். சரிஞ்சு படுத்திருப்பியள் எண்டு நான்தான் சொன்னனான். தைலம் தேச்சு விட்டனான்."

டொக்டரின் முகம் மாறியது. கையில் இருந்த பேனையை மூடினாள். "அப்ப எழும்பக்குள்ளயே ஈந்திருக்கலாம். அப்படியெண்டா பத்து மணித்தியாலம். ஊசி போட ஏலாது, அம்மா."

மெற்றில்டா சுவரோடு சாய்ந்தாள். கௌரிக்கு வாய் வரை வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அந்தக் கை நன்றாக இருந்தது! விறைத்த கையால் கள்ள அடி வைக்க முடியுமா? ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்களா? பயம். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் இதே காதுதான், பாரிசவாதத்தைக் கேட்டுவிட்டு வித்தை என்று கைதட்டியது. இந்தக் காதை நம்பி ஒரு மனுசனுக்கு ஊசி போடச் சொல்லலாமா? போட்டபிறகு மூளையில் ரத்தம் கசிந்தால் அவரைக் கொன்றது யார்? ஊசியா, கௌரியின் காதா?

"டொக்டர், பத்து நிமிசம் தாங்கோ," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் ஒண்டு பாத்திட்டு வாறன்."

படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலை கிடைத்தது. கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தவள் உறைந்துபோனாள். ரெக்கோர்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்து எப்போது எடுத்தாள், பையில் எப்போது போட்டாள், ஒன்றும் ஞாபகம் இல்லை. சிம்பல் விழுந்தது, வான், மெற்றில்டாவின் மாதாவே, டொக்டர் பேனையை மூடினது, எல்லாம் அதற்குள் இருந்தது. நிறுத்தினாள். இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு, முதலில் இருந்து போட்டாள்.

பன்னிரண்டு நாலு. கிக் டிரம். ஹை-ஹாட். ஸ்நேர். அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சில்லுச் சத்தம் காதுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்தது. திரும்பப் போட்டாள். மறு காதைக் கையால் பொத்தினாள். கண்ணை மூடினாள். கள்ள அடி எங்கே? ஒன்றும் கேட்கவில்லை. கடவுளே, ஒன்றுமே கேட்கவில்லை! காலையிலேயே போய்விட்டதா? அவள்தான் இருபது வருசப் பழக்கத்தில் இல்லாததைக் கேட்டாளா? ஆசைக்கு வெளுத்ததெல்லாம் பால். சத்தத்தைக் கூட்டினாள். தன் இடது கை விரலைத் தொடையில் வைத்து, மெஷின் ஓடுவதைக் கேட்கிறமாதிரிக் கேட்டாள். பின்னறையில் நஸ்லா தைக்கிறாள், தையல் விடுகிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பெரிய அடி. ஒன்று, இரண்டு, மூன்று. தோலில் நகம் படுகிற மாதிரி. ஒரு தையல்கூட விடவில்லை.

பன்னிரண்டரைக்கு ஓட்டினாள். இருந்தது. பன்னிரண்டே முக்கால். இருந்தது. ஒரு மணி பத்து. இருந்தது. ஒன்று பதினாறு, மெதுவான பாட்டு, முதல் சரணம். மூன்றும் இருந்தன. இரண்டாம் சரணம். ஒன்று, இரண்டு... இரண்டு... இல்லை. பெரிய அடி பிந்தி விழுந்தது.

ஒன்று பதினேழு. ஓடின நேரத்தை விரலால் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஒன்று பதினேழுதான். அந்த இடத்தில்தான் ஒரு மனுசனின் மூளையில் ஏதோ அடைத்தது. அடுத்த கணம், காதே கிழியும்படி, கைதட்டலோடு ஒரு குரல் வந்தது. "ஆஹா! இழுக்கிறார் பாருங்கோ! இழுக்கிறார்!"

கௌரி இயர்ஃபோனைப் பிடுங்கினாள்.

இப்போது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டொக்டருக்குப் பன்னிரண்டே முக்காலை மட்டும் போட்டுக் காட்டினால் போதாதா? அதுவரை கை நல்லாயிருந்தது என்று தெரிந்தால் ஐந்தேகால் வரை நேரம் இருக்கிறது. ஊசி போட்டுவிடுவார்கள். தன் குரலை ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. இதை நினைத்துக்கொண்டேதான் அவள் திரும்பி ஓடினாள். பயந்த மனம் அப்படித்தான், எரிகிற வீட்டிலும் தன் செருப்பைத் தேடும்.

கௌரி சொன்னதைக் கேட்டு டொக்டர் புருவத்தைச் சுருக்கினாள். "டிரம்ஸ் சத்தத்தை வெச்சா?"

"கேளுங்கோ, டொக்டர். ஒருக்கா கேளுங்கோ." கௌரி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவள் காதோரம் பிடித்தாள்.

"எனக்கு டங்கு டங்கு எண்டுதான் கேக்குது."

"அதை விடுங்கோ. அதுக்கு நடுவில." கௌரி டொக்டரின் கையில் இருந்த ஃபைல் அட்டையில் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இந்தா... இந்தா... இந்தா. இது இடக்கை. இது விறைச்ச கையால வராது. நல்ல கையாலயே லேசில வராது."

டொக்டர் கண்ணை மூடினாள். மூன்றாம் தரம் போட்டபோது அவள் விரலும் அட்டையில் அசைந்தது. "ம்... ஓம். சின்னதா ஒண்டு கேக்குது." பக்கத்தில் மெற்றில்டாவும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் அவரோ செய்யிறவர்?" என்றாள் மெல்ல. "முப்பத்திரண்டு வருசத்தில எனக்கு ஒருநாளும் இது கேட்டதில்ல."

"சரி, பன்னெண்டே முக்காலுக்கு நல்லாயிருந்த," என்றாள் டொக்டர். "அப்ப எப்ப மாறின? எனக்கு அந்த இடம் வேணும். அதைக் கேட்டாத்தான் பெரிய டொக்டருக்கு நான் துணிஞ்சு செல்லலாம். காலைல வந்தது சும்மா விறைப்புத்தான், இது வேறதான் எண்டு அப்பத்தான் தெரியும்."

கௌரியின் விரல் ஃபோனில் தயங்கி நின்றது. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மெற்றில்டா கௌரியைப் பார்த்தாள். வேறு வழி இல்லை. ஒன்று பதினாறுக்கு ஓட்டிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முதல் சரணம் போனது. டொக்டரின் விரல் அட்டையில் தொட்டுத் தொட்டு வந்தது. சட்டென்று நின்றது. "இங்க," என்றாள் டொக்டர். "இங்கதான். நிண்டுட்டுது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்து கௌரியின் குரல் அந்த விறாந்தை முழுக்கக் கேட்டது. ஆஹா! இழுக்கிறார் பாருங்கோ! இழுக்கிறார்! பிறகு கைதட்டல். நீளமான, சந்தோசமான கைதட்டல்.

மெற்றில்டா ஃபோனையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "இழுக்குதெண்டு சொல்லியிருக்கிறாய். சொல்லிப்போட்டுக் கை தட்டினனியோ?"

"ஐயோ அக்கா, இது வேற இழுப்பு! பாண்டில சொல்லுற இழுப்பு. அடியைப் பிந்தி வைக்கிறது. நான் நினைச்சன், அவர் வேணுமெண்டு..."

"இழுப்பில என்னடி வேற இழுப்பு?"

டொக்டர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஃபைலில் '1.17' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள். "இப்ப மூண்டு நாப்பது. நேரம் ஈக்கி. அம்மா, இங்க கையெழுத்து வையுங்க," என்று மெற்றில்டாவிடம் நீட்டிவிட்டு, தன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஊசி நாலு மணிக்கு ஏறியது. அதன்பிறகு இருந்து பார்ப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வாங்குப் பலகையின் ஒரு நுனியில் மெற்றில்டா, மறு நுனியில் கௌரி. நடுவில் மூன்று பேர் இருக்கலாம். கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் கௌரியின் உயிர் போய்ப் போய் வந்தது. உள்ளே ஏதோ மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அது யேசுரட்ணத்தினுடையதா வேறு யாருடையதா தெரியாது. ஆனால் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒழுங்காக வந்தால் மூச்சு விட்டாள். ஒருதரம் அது கொஞ்சம் பிந்தி வந்தது போலிருந்தது. கௌரி எழும்பி நின்றுவிட்டாள். முருகா, இழுக்காதே, இழுக்காதே என்று வாய்க்குள் சொன்னாள். வாழ்நாளில் முதல் தரமாக, அடி விழவேண்டிய இடத்தில் மொக்குத்தனமாக, ஒரே ஒழுங்காக விழவேண்டும் என்று கும்பிட்டாள்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். மெற்றில்டா இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தாள். "நீயும் வா," என்றாள். அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா என்று கௌரியின் காதாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

யேசுரட்ணம் கண் திறந்து கிடந்தார். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. டொக்டர் றுஷ்னா அவருடைய இடது உள்ளங்கைக்குள் தன் இரண்டு விரலை வைத்து, "இறுக்கிப் பிடியுங்க," என்றாள். விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக மூடின. "வரும்," என்றாள் டொக்டர். "முழுசா வருமோ எண்டு இப்ப செல்ல ஏலாது. ஆனா வரும்." மெற்றில்டா கட்டிலில் முகத்தை வைத்து அழுதாள்.

யேசுரட்ணம் வலது கையை அவள் தலையில் வைத்தார். பிறகு கண்ணைத் திருப்பிக் கட்டில் கால்மாட்டில் நின்ற கௌரியைப் பார்த்தார். அதே பார்வை. வானில் பார்த்த பார்வை. சொல்லட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று கௌரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கௌரி," என்றார். சொற்கள் ஒவ்வொன்றாக, கால் இழுத்து நடக்கிற ஆள் மாதிரி வந்தன. "அந்தப் பாட்டில... ரெண்டாம் சரணத்தில... கை என்ர சொல்லுக் கேக்கேல்ல. பயந்து போனன். நிப்பாட்டுவம் எண்டுதான் நினைச்சனான்."

மூச்சு வாங்கினார். கோணிய வாய் சிரிக்கப் பார்த்தது.

"உன்னைப் பாத்தன். நீ எழும்பி நிண்டு தட்டினாய். கௌரி தட்டுதெண்டா சரியாத்தான் இருக்கும் எண்டுபோட்டு... தொடர்ந்து வாசிச்சன்."

அவர் அதை நன்றியாகத்தான் சொன்னார்.